அம்மாவுக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள் தம்பி?

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து 19 வருடமாகிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகக் காணிக்கை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, போன மாதம் 6,000 ரூபாய். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எங்கள் வீட்டில்தான். அப்பா இறந்தபின் அம்மா கோவில்பட்டியில் தங்கை வீட்டில் இருப்பதால் ஊழியத்துக்கும் தடையில்லை. ஆனால் புதிதாக வந்த பாஸ்டர் வாராவாரம் நியாயத்தீர்ப்பைப் பற்றியே பேசுகிறார். இரட்சிக்கப்பட்டவர்களைப் பயமுறுத்தலாமா? வேறு சபைக்குப் போகலாமா?
- ஒரு வாசகர், சாத்தூர்

பதில்: சபையை அப்புறம் பார்க்கலாம் தம்பி. ‘தடையில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, பெற்றவள் எப்போதிலிருந்து தடையானாள்? தங்கை தீப்பெட்டி கம்பெனி வேலைக்குப் போவதையும் எழுதியிருக்கிறீர்கள், காணிக்கைக் கணக்கை ரூபாய் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள், அம்மாவுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பது மட்டும் நாலு பக்கக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

மாற்கு சுவிசேஷம் 7ஆம் அதிகாரத்தை எடுங்கள். ‘உங்களுக்குத் தர வேண்டியது கொர்பான், தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது’ என்று பெற்றோரிடம் கையை விரிக்க இடம் கொடுத்த பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினரை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று பாருங்கள். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள். எரேமியா தீர்க்கதரிசி எருசலேம் ஆலய வாசலில் நின்று எச்சரித்ததும் உள்ளே தொழுதுகொள்ள வந்தவர்களைத்தான். ஆலயம் இருக்கிறது, நமக்கு ஒன்றும் ஆகாது என்றிருந்தார்கள். விதவையை ஒடுக்காதீர்கள், என் பழைய ஸ்தலமான சீலோவைப் பாழாக்கினேனே, அதைப் போய்ப் பாருங்கள் என்று கர்த்தர் சொல்லியும் கேட்கவில்லை, கி.மு. 586 வாக்கில் பாபிலோன் படை அந்த ஆலயத்தையே கொளுத்தியது. விதவை என்றதும் ஊரில் யாரையோ நினைக்காதீர்கள், உங்கள் அம்மாவும் விதவைதான்.

தசமபாகத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் கொடுக்கிறவள்தான். ஆனால் எங்கள் சபையில் கடைசி பெஞ்சில் ஒரு பாட்டி உட்காருவார், சுகர் மாத்திரையை நகத்தால் கீறி இரண்டாக உடைத்து, பாதியை வாயில் போட்டுக்கொண்டு மீதியை முந்தானையில் முடிந்துகொள்வார். மகன் முதல் வரிசையில் கைதூக்கித் துதித்துக்கொண்டிருப்பான். உங்கள் அம்மா மாத்திரையை முழுசாகப் போடுகிறாரா என்றாவது உங்களுக்குத் தெரியுமா?

இந்த வெள்ளிக்கிழமை ஜெபத்தை வேறு வீட்டில் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் கோவில்பட்டிக்கு பஸ் ஏறுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். தங்கையிடம் மன்னிப்புக் கேளுங்கள், இத்தனை நாள் உங்கள் பங்கையும் சேர்த்துச் சுமந்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமை அதே சபைக்குப் போங்கள், அந்த பாஸ்டர் பேசுவதை முழுசாக உட்கார்ந்து கேளுங்கள்.