வீட்டில் கட்டும் விமானங்களின் ரோட்டரி இன்ஜினில் போர்ட் எங்கே இருக்கிறது என்பது ஏன் முக்கியம்?

போர்ட் என்பது காற்றும் எரிபொருளும் உள்ளே வரவும் புகை வெளியேறவும் உள்ள துளை. ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனுக்குப் பதிலாக ரோட்டர் என்ற முக்கோண வடிவப் பகுதி சுழல்கிறது. வால்வு கிடையாது. சுழலும் ரோட்டரே கடந்து போகும்போது துளையைத் திறந்து மூடுகிறது. அதனால் துளை இருக்கும் இடமே அது திறக்கும் நேரத்தையும் தீர்மானிக்கிறது.

சொந்தமாகக் கட்டும் விமானத்தில் ரோட்டரி வைப்பவர்கள் பலர் எடுப்பது மஸ்டா கார் நிறுவனத்தின் 13பி இன்ஜின். இதில் நுழைவுத் துளை பக்கச் சுவரில் (ரோட்டரின் தட்டையான பக்கத்தை ஒட்டிய சுவர்), புகைத் துளை சுற்றுச் சுவரில் (ரோட்டரின் முனைகள் உரசிச் செல்லும் சுவர்). சிலர் நுழைவையும் சுற்றுச் சுவருக்கே மாற்றுவார்கள். காற்று நேராகப் பாயும், அதிக வேகத்தில் சக்தி கூடும். ஆனால் இரண்டு துளைகளும் சற்று நேரம் ஒன்றாகவே திறந்திருக்கும். பேருந்தில் இறங்குவோர் இறங்கி முடிக்கும் முன்பே ஏறுவோர் முண்டுவது போலத்தான். மெதுவாக ஓடும்போது பழைய புகை புதுக் கலவையில் கலந்து இன்ஜின் திணறும். காரில் இது பெரிய தொல்லை. விமான இன்ஜின் பெரும்பாலும் சீரான உயர் வேகத்தில் ஓடுவதால் அவ்வளவு உறுத்தாது.

2003-ல் வந்த மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் ரெனிசிஸ் என்ற ரோட்டரி இன்ஜினில் இரண்டு துளைகளும் பக்கச் சுவரிலேயே. அவை ஒன்றாகத் திறப்பதில்லை.

துளையைப் பெரிதாக்கினாலே சக்தி கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அது எப்போது திறந்து எப்போது மூடுகிறது என்பதும் அதே அளவு முக்கியம்.