வாங்குமுன் ஒரு வார்த்தை: நேர்முகத்துக்கு எந்த டை?

நேர்முகத் தேர்வுக் கடிதங்கள் ஊருக்குள் வரத் தொடங்கிவிட்டன போலிருக்கிறது. இம்முறை பை நிறைய டைக் கேள்விகள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

மகனுக்குக் கல்வியியற் கல்லூரி நேர்முகம். வெள்ளைச் சேர்ட்டும் கறுப்புக் காற்சட்டையும் இருக்கின்றன. டை மட்டும் வாங்க வேண்டும். என்ன நிறம், எவ்வளவு செலவழிக்கலாம்? (ஒரு தாய், உப்புவெளி)

கடும் நீலம். அது கிடைக்காவிட்டால் மெரூன். வெற்று நிறமே நல்லது, சின்னப் புள்ளி இருந்தாலும் பரவாயில்லை. அகலமான இடத்தில் 7 அல்லது 8 சென்டிமீற்றர் இருக்கட்டும். ஒல்லியாகத் தொங்கும் 5 சென்டிமீற்றர் டை கல்யாண வீட்டு இளந்தாரிகளுக்குச் சரி. மினுங்கும் துணி வேண்டாம், குழல் விளக்கின் கீழ் அது மட்டும்தான் தெரியும்.

ஆனால் அம்மா, கடைக்குப் போகுமுன் அந்த வெள்ளைச் சேர்ட்டை எடுத்து மகனுக்குப் போட்டுப் பாருங்கள். உயர்தரம் படித்த காலத்துச் சேர்ட்டாக இருந்தால் கழுத்து இறுகியிருக்கும். மேல் பொத்தானைப் பூட்டிய பிறகு இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டைக் காசைப் புதுச் சேர்ட்டில் போடுங்கள், டையை யாரிடமாவது இரவல் வாங்கலாம். திறந்து கிடக்கும் மேல் பொத்தானை எந்த டையும் மறைக்காது. வாங்கத்தான் வேண்டுமென்றால் சேர்ட்டின் விலையைத் தாண்ட வேண்டாம். பொலியெஸ்டர் தாராளமாகப் போதும்.

முடிச்சுப் போடத் தெரியாது. ஸிப் வைத்த ரெடிமேட் டை போடலாமா? (தம்பலகாமம்)

நானும் ஒன்று வாங்கினேன். மூன்றாம் தடவை ஸிப் பாதி வழியில் நின்றது, மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கத்தரிக்கோலால்தான் கழற்றினேன். ஒரு பின்னேரம் கண்ணாடி முன் நின்றால் சாதாரண முடிச்சு வந்துவிடும், பழகுங்கள்.

பேஸ்புக்கில் ‘100% சில்க்’ என்று பார்த்து 3 டை 4,500 ரூபாவுக்கு எடுத்தேன். காசு கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க விட்டார்கள். தடவிப் பார்த்தால் குடைச்சீலை மாதிரி இருக்கிறது. கேட்டதற்கு ‘லைட் வெளிச்சத்தில் அப்படித்தான்’ என்றார்கள். இப்போது பதிலே இல்லை. அடுத்த மாதம் நேர்முகம். நான் ஏமாந்தவனா? (மூதூர்)

ஏமாற்றப்பட்டவர் என்று சொல்லுங்கள் தம்பி. பொய் சொன்னது அவர்கள்.

இந்தச் ‘சில்க்’ விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. இளவயதில் என் முதல் நேர்முகத்துக்கு, கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் ஒரு மெரூன் டை வாங்கினேன். பின்பக்கத்தில் தங்க எழுத்தில் ‘சில்க்’ என்று தைத்திருந்தது. அன்றிரவு வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் அயன்பெட்டியை நன்றாகச் சூடாக்கி நுனியில் வைத்தேன். ஒரு நொடிதான். பிளாஸ்டிக் வாடை வந்தது. எடுத்துப் பார்த்தால் நுனி சுருங்கி, மீன் செதிள் மாதிரிப் பளபளவென்று நின்றது. பட்டென்றால் கருகும், இப்படி உருகாது. அந்த நுனியைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டு போய் மூன்று பேர் முன் உட்கார்ந்தேன். அவர்கள் கேட்ட கேள்விகள் எதுவும் இன்று நினைவில் இல்லை, அந்த நுனி மட்டும் இருக்கிறது.

பொலியெஸ்டர் டை விற்பதில் ஒரு குற்றமும் இல்லை. மலிவு, சுருங்காது, நம் ஊர் வியர்வைக்கும் தாங்கும். அதைப் பொலியெஸ்டர் என்று சொல்லி விற்க என்ன வெட்கம்? சீட்டில் பட்டின் பெயரைத் தைத்து இரண்டு மடங்கு வாங்குவது பச்சைத் திருட்டு. சந்தேகமென்றால் பின்தையலில் இருந்து ஒரு நூலை உருவி, தட்டின் மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பட்டு, தலைமயிர் கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பொலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். இதைச் சொந்த டையில் செய்யுங்கள், கடையில் நின்று தீப்பெட்டி எடுக்காதீர்கள்.

கடையில் செய்யக்கூடிய சோதனை வேறு. ஒல்லி முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நேராக நின்றால் துணியை நூலோட்டத்துக்குக் குறுக்கே சரிவாக வெட்டியிருக்கிறார்கள். பம்பரக் கயிறு போல முறுகினால் துணியை மிச்சம் பிடிக்க நேராக வெட்டியிருக்கிறார்கள், அது முடிச்சிலும் முறுகும். இந்தச் சரிவு வெட்டும், டையை மூன்று துண்டாக வெட்டிச் சேர்க்கும் தையலும் 1920களில் நியூயோர்க்கில் ஜெஸி லாங்ஸ்டோர்ஃப் என்ற தையற்காரர் கொண்டுவந்தவை. நூறு வருசமாக எல்லாருக்கும் தெரிந்த வேலையை இன்னும் களவாகச் செய்கிறார்கள்.

சரி, உங்கள் காசுக்கு வருவோம். அந்த விளம்பரத்தையும் நீங்கள் பேசிய செய்திகளையும் இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள். பார்சல் சீட்டை எறியாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய 3 மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். தொலைபேசி 1977. காசு திரும்பும் வரை அந்த டைகளைக் கட்ட வேண்டாம், அவைதான் சான்று.

டை வாங்கி வீட்டில் கட்டினால் வயிற்றுக்கு மேலேயே நிற்கிறது. எனக்கு 6 அடி 2 அங்குலம். விலைச்சீட்டை வெட்டிவிட்டேன், பில் வாங்கவில்லை. மாற்றித் தருவார்களா? (கிண்ணியா)

எதைக் காட்டி மாற்றுவீர்கள்? கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, சட்டத்தில் இருக்கிறது. கேட்க வேண்டியது நீங்கள். அதையும் சட்டம் போட்டுச் செய்விக்க முடியாது. போன மாதம் இதே கேள்வி சப்பாத்துக்கு வந்தது, அதற்கு முதல் மாதம் மின்விசிறிக்கு.

சாதாரண டை 145 முதல் 150 சென்டிமீற்றர் வரை நீளம். உங்கள் உயரத்துக்கு 160 வேண்டும், நுனி பெல்ட் கொளுக்கியைத் தொட வேண்டும். தடித்த வின்சர் முடிச்சுப் போட்டிருந்தால் அவிழ்த்துச் சாதாரண முடிச்சுப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் இறங்கும். போதாவிட்டால் தம்பிக்குக் கொடுங்கள்.

பெண்பிள்ளைகளும் டை கட்ட வேண்டுமா? (சாம்பல்தீவு)

அழைப்புக் கடிதத்தில் கேட்டிருந்தால் மட்டும். கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

லண்டன் மாமா கோடு போட்ட டை ஒன்று அனுப்பியிருக்கிறார். நல்ல துணி. கட்டலாமா? (என்.சி. வீதி)

எந்தக் கோடு என்று மாமாவிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் படைப்பிரிவு, பாடசாலை, கழகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு உண்டு. நம் நாட்டிலும் பழைய மாணவர் டை என்று இருக்கிறதே. எதிரே இருப்பவர் அதே நிறத்தைக் கண்டு “எந்த வருசம் படித்தீர்?” என்று சிரித்தபடி கேட்டால் என்ன சொல்வீர்கள்? கோடு யாருடையதும் இல்லையென்றால் கட்டுங்கள்.

இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறேன், விடிந்ததும் நேர்முகம். டையை எப்படிக் கொண்டுபோவது? (பெயரும் ஊரும் எழுதவில்லை)

மடிக்காதீர்கள். ஒல்லி முனையிலிருந்து தளர்வாகச் சுருட்டி, காய்ந்த சாப்பாட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். சம்பல் கொண்டுபோகும் பெட்டி வேண்டாம். சுருக்கம் விழுந்திருந்தால் சுடுநீர் ஆவியில் கொஞ்ச நேரம் தொங்கவிடலாம், அயன்பெட்டி பற்றி மேலே சொல்லிவிட்டேன். அப்புறம், இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, கை கழுவிய பிறகு கட்டுங்கள்.