கராஜ் வேலைக்கா ஏ லெவல்? லண்டன் ஹரோவிலிருந்து கேட்கும் ஓர் அம்மாவுக்கு

உங்கள் மகள் ஏ லெவலில் கணிதம், இயற்பியல், டிசைன் அண்ட் டெக்னாலஜி படிக்கிறாள். கார் கொம்பனி ஒன்றில், வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கும் டிகிரி அப்ரெண்டிஸாகச் சேரப் போகிறேன் என்கிறாள். "கராஜ் வேலைக்கா இவ்வளவு படிப்பிச்சனீங்கள்?" என்று பெரியப்பா வீட்டில் கேட்டுவிட்டார்கள், நீங்கள் இரண்டு கிழமையாக நித்திரையில்லாமல் இருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பெரியப்பா சொல்லும் பார்மசிக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பார்மசிக்குப் பெரும்பாலும் வேதியியல் வேண்டும். அவள் அதைத் தானாகவே விட்டவள். ஈடுசெய்ய ஒரு ஃபவுண்டேஷன் வருடம், அதன்பின் நான்கு வருடம். 2025-26க்கான 9,535 பவுண் கட்டணத்தை வைத்தாலே ஐந்து வருடத்துக்கு 47,675 பவுண். வாடகையும் சாப்பாடும் வேறு. வருடச் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டியதும், தாண்டிய தொகையில் 9 வீதம் 40 வருடம் வரை மாணவர் கடனுக்குப் போகும். பிடிக்காத பாடத்துக்காக இதை ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றுவது தவறு.

டிகிரி அப்ரெண்டிஸ் என்பவர் முதல் நாளிலிருந்தே சம்பளம் வாங்கும் ஊழியர். பல்கலைக்கழகக் கட்டணத்தில் ஒரு பென்னியும் அவர் கட்டுவதில்லை. ஜாகுவார் லாண்ட் ரோவர் பிள்ளைகள் வார்விக் பல்கலைக்கழகத்தில் படித்துப் பொறியியல் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். வேலை மிட்லண்ட்ஸ் பகுதியிலுள்ள கேடனிலோ விட்லியிலோ சோலிஹலிலோ இருக்கும். கராஜில் சர்வீஸ் பழகும் அப்ரெண்டிஸ்ஷிப் வேறு. அதுவும் மதிப்பான தொழில்தான்.

தொடக்கத்தில் பல இடங்களில் அரம், லேத், மில்லிங் என்று கை பழக்குவார்கள். பிறகு சில மாதங்களுக்கு ஒரு பிரிவு: பொடி (காரின் உடல்), சஸ்பென்ஷன், பேட்டரி, உற்பத்தி. ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். மூட அதிக விசை தேவைப்படுகிறது என்று சோதனையில் தெரிகிறது. ரப்பர் சீல் கடினமா, பிணைச்சல் அரை மில்லிமீட்டர் விலகியதா, உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும் துவாரம் சிறிதா? சீலை மென்மையாக்கினால் கதவு லேசாக மூடும். நெடுஞ்சாலையில் காற்றிரைச்சல் கூடலாம். அளந்து, காரணம் பிரித்து, அறிக்கை எழுதுவது அவள் வேலையாக இருக்கும். வகுப்பில் படிக்கும் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற) கணக்குக்கு அங்கேதான் உயிர் வருகிறது.

சுலபமில்லை, இதையும் கேளுங்கள். பல திட்டங்களில் வகுப்பு சில கிழமைகள் சேர்ந்தாற்போல வரும். திரும்பி வரும்போது அலுவலக வேலை குவிந்திருக்கும். இரண்டாம் வருடக் கணிதத்துக்கு வார இறுதியில் ஒரு முழுநாள் ஒதுக்காதவர்கள் அங்கேயே சறுக்குகிறார்கள். செய்த வேலைக்கான போர்ட்ஃபோலியோவை ஒவ்வொரு வெள்ளியும் எழுதாவிட்டால், கடைசி மதிப்பீட்டுக்கு முன் ஆதாரம் தேடி அலைய வேண்டும். புதிய மொடல் வெளிவரும் நேரத்தில் மேலாளர் படிப்புக்கு விடத் தயங்கினால், கொம்பனியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் உடனே சொல்ல வேண்டும். யூனி நண்பர்களின் நீண்ட கோடை விடுமுறை இவளுக்குக் கிடையாது. மாணவர்களுக்கான கவுன்சில் டேக்ஸ் விலக்கும் இவளுக்கு இராது.

செப்டம்பரிலிருந்தே கொம்பனிகளின் இணையதளத்தையும் அரசின் அப்ரெண்டிஸ்ஷிப் தளத்தையும் கிழமைதோறும் பார்க்கட்டும். போதிய விண்ணப்பம் சேர்ந்ததும் முன்கூட்டியே மூடிவிடுவார்கள். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸுக்கும் பொறியியல் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒன்று மற்றதைத் தடுக்காது. கொம்பனிகள் ஆள் எடுப்பது பெரும்பாலும் இப்படி: ஓன்லைன் தேர்வு, வீடியோ நேர்காணல், பிறகு நேரில் குழுப்பணி. "எனக்குக் கார் பிடிக்கும்" என்ற பதில் எடுபடாது. அவளுடைய டிசைன் ப்ரொஜெக்டில் எது உடைந்தது, ஏன், எதை மாற்றினாள் என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் விசாவில் வரவிருக்கும் மருமகனுக்கும் இதைக் கேட்டிருந்தீர்கள். அவருக்கு இது பொருந்தாது. பொதுவாக மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும், வேலை செய்யும் உரிமையும் வேண்டும்.

மகள் மிட்லண்ட்ஸில் தனியாக இருப்பதைப் பற்றிய பயத்தை அவளிடமே பேசுங்கள், பெரியப்பாவிடம் வேண்டாம். கேடன் நாட்டுப்புறம்; தொழிற்சாலைகளில் காலை ஷிஃப்ட் விடியமுன் தொடங்கலாம், அந்நேரம் பஸ்ஸை நம்ப முடியாது. அவளுக்குப் பதினேழு ஆகிவிட்டதே, ட்ரைவிங் தியரி டெஸ்ட்டுக்கு இந்தக் கிழமையே பதிந்துவிடுங்கள்.