கடலுணவுக்கு முஸ்கடேயும் ஷப்லியும்: கேள்வி பதில்

கடலுணவுடன் அருந்தும் பிரெஞ்சு வெள்ளை ஒயின்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விலை, விற்பனைக் கடைகள் ஆகியவை பற்றி எழுதப் போவதில்லை.

கேள்வி: பச்சைக் கடற்சிப்பியுடன் அருந்த, இனிப்பே இல்லாத, கனிமச் சுவையுள்ள வெள்ளை ஒயின் வேண்டும். ஷப்லி வாங்கலாமா, முஸ்கடே வாங்கலாமா?

பதில்: பச்சைச் சிப்பிக்கு என்றால் தயங்காமல் முஸ்கடே வாங்குங்கள், புட்டியின் மேல் 'செவ்ர்-எ-மென்' என்ற பகுதியின் பெயரும் 'சுர் லீ' (மண்டியின் மேல்) என்ற சொற்களும் இருக்க வேண்டும். லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தருகே, நாந்த் நகருக்குத் தென்கிழக்கே இது விளைகிறது. இதைச் செய்யும் மெலோன் டி பூர்கோஞ் என்ற திராட்சை கிழக்கே உள்ள பூர்கோஞ் பகுதியிலிருந்து வந்தது. 1709ஆம் ஆண்டின் கடுங்குளிரில் கொடிகள் பட்டுப்போன பிறகு, உறைபனியைத் தாங்கும் கொடி என்பதால் இங்கே பரவலாக நடப்பட்டது.

இந்தத் திராட்சைக்கு வலுவான நறுமணம் கிடையாது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் சிப்பியின் முன் அதுவே இதன் பெருமை. நொதித்து முடிந்ததும் இறந்த ஈஸ்ட் தொட்டியின் அடியில் மண்டியாகப் படிகிறது. பல இடங்களில் ஒயினை உடனே தெளிவாக இறுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே குளிர்காலம் முழுவதும் அந்த மண்டியின் மேலேயே விட்டுவைத்து, அறுவடைக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதிக்குப் பிறகே நேராகப் புட்டியில் நிரப்புகிறார்கள். புதிதாகத் திறந்த புட்டியில் நாக்கின் நுனியில் லேசாகச் சுருக்கென்று படுவது, இடம் மாற்றாததால் தங்கிவிட்ட கரியமில வாயு. புளிப்புக்குப் பின்னால் புது ரொட்டியை நினைவூட்டும் ஒரு சதைப்பற்றும் அந்த மண்டியின் கொடைதான். மதுசாரம் சுமார் 12 சதவீதமே. எலுமிச்சை செய்ய வேண்டிய வேலையை இதன் புளிப்பு செய்துவிடும். ஆகவே சிப்பியின் மேல் எலுமிச்சை பிழியாமல் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள்.

பூர்கோஞ் பகுதியின் வடக்கே ஷார்டனே திராட்சையில் செய்யும் ஷப்லி இதைவிடக் கனமானது. வெண்ணெயில் வாட்டிய விசிறிச் சிப்பிக்கும் மீனுக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள்: பனிக்கட்டி போலக் குளிர்விக்காதீர்கள். முஸ்கடேக்கு 8 முதல் 10 பாகை, ஷப்லிக்கு 10 முதல் 12 பாகை போதும். அதற்கும் கீழே புளிப்பு மட்டுமே தெரியும், மற்றவை ஊமையாகிவிடும்.

கேள்வி: முஸ்கடே இனிப்பு ஒயின் அல்லவா?

பதில்: அல்ல. நீங்கள் நினைப்பது மஸ்கட். அது வேறு திராட்சை, பூமணம் மிக்கது. அதிலிருந்து இனிப்பு ஒயின்களும் செய்கிறார்கள்.

கேள்வி: வேகவைத்த கருஞ்சிப்பிக்கு எது?

பதில்: சாதாரண முஸ்கடே. அதே புட்டியிலிருந்து ஒரு கோப்பையைச் சட்டியிலும் ஊற்றுங்கள்.

கேள்வி: ஷப்லி நிலத்தின் பாறையில் கடற்சிப்பிப் புதைபடிவங்கள் நிறைந்திருக்கின்றன. அந்தச் சிப்பியின் சுவை வேர் வழியாக ஒயினுக்கு வருகிறது என்பது உண்மையா?

பதில்: புதைபடிவங்கள் உண்மை. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிம்மரிட்ஜியன் காலத்துச் சுண்ணாம்புக் களிப்பாறை அது. ஒரு கட்டியைக் கையில் எடுத்தால், காற்புள்ளி வடிவில் நகத்தளவுச் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடப்பதைக் காணலாம். ஆனால் அவற்றில் சிப்பியின் சதையும் இல்லை, கடல் உப்பும் இல்லை. மிஞ்சியிருப்பது சுவையற்ற கால்சியம் கார்பனேட். கொடியின் வேர் பாறையைச் சுவைத்து அனுப்புவதில்லை. நீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம் போன்ற சத்துகளையே உறிஞ்சுகிறது. ஒயினில் சேரும் அவற்றின் அளவு, நாக்கு உணரும் எல்லைக்குப் பெரும்பாலும் கீழேயே இருக்கிறது. நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

கேள்வி: அப்படியானால் நிலத்துக்கு மதிப்பே இல்லை என்கிறீர்களா? விளைவிப்பவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்களா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. மண் எவ்வளவு நீரைத் தேக்குகிறது, சரிவு எந்தத் திசையில் வெயிலை வாங்குகிறது என்பவை திராட்சை பழுக்கும் விதத்தை மாற்றுகின்றன. ஷப்லியின் 'கிராண்ட் குரு' எனப்படும் மிக உயர்ந்த தரத்து ஏழு நிலங்களும் செரென் ஆற்றின் வலக்கரையில், தென்மேற்கு நோக்கிய ஒரே சரிவில் இருப்பது தற்செயல் அன்று. நிலம் ஒயினைத் தீர்மானிக்கிறது; ஆனால் கல்லைக் கரைத்துக் கொடுத்து அல்ல.

கேள்வி: நான் நனைந்த கல்லின் சுவையை நாக்கில் உணர்கிறேன். என் அனுபவத்தை நீங்கள் மறுக்கிறீர்கள்.

பதில்: உங்கள் உணர்வை நான் மறுக்கவில்லை, எனக்கும் அது தெரிகிறது, அது வரும் வழியைப் பற்றித்தான் பேசுகிறேன். உயர்ந்த புளிப்பு, அடங்கிய பழமணம், மண்டியின் தடம், சிக்கிமுக்கிக் கல்லை உரசியது போன்ற மணம் தரும் சில கந்தகச் சேர்மங்கள் ஆகியவை ஒன்றுகூடும்போது நாம் அதைக் கனிமச் சுவை என்கிறோம். மழையில் நனைந்த கல்லின் வாசனைகூடக் கல்லுக்கு உரியதன்று. அதன் மேல் படிந்திருக்கும் கரிமப் பொருள்களுக்கு உரியது. புட்டியைத் தேர்ந்தெடுக்கையில் பாறையின் பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், ஒயின் எப்படிச் செய்யப்பட்டது என்று கேளுங்கள் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

கேள்வி: மஸ்கட், முஸ்கடே இரண்டும் ஒன்றா?

பதில்: மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: மீனுடன் சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் மீன் கவிச்சி தங்குவது ஏன்?

பதில்: நல்ல கேள்வி. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், காய்ந்த விசிறிச் சிப்பியுடன் பல ஒயின்களைச் சுவைத்து, கவிச்சிக்குக் காரணம் ஒயினில் உள்ள இரும்பு என்று காட்டினார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தபோது கவிச்சி தூக்கலாகத் தெரிந்தது. ஆகவே நிறம் நேரடிக் காரணம் அன்று. இரும்பு குறைந்த சிவப்பு ஒயினுக்கு இந்தக் குற்றம் இல்லை.

கேள்வி: முஸ்கடேயைச் சேமித்து வைக்கலாமா?

பதில்: சாதாரண சுர் லீயை இளமையிலேயே குடித்துவிடலாம். முஸ்கடே பகுதியின் கிளிசோன், கோர்ஜ், லெ பலே ஆகிய ஊர்ப் பெயர்கள் 2011இல் தனி அங்கீகாரம் பெற்றன. அவை மண்டியின் மேல் நெடுநாள் கிடந்து முதிர்பவை. கிளிசோன் கிரானைட் நிலம், கோர்ஜ் கேப்ரோ என்ற கரும்பாறை நிலம். இவை பல ஆண்டுகள் தாங்கும். வெண்ணெய்ச் சாறு ஊற்றிய மீனுக்கு இவற்றைத் திறங்கள். பச்சைச் சிப்பிக்கு இவ்வளவு கனம் தேவையில்லை.

கேள்வி: முஸ்கடே கிடைக்காவிட்டால்?

பதில்: பிக்பூல் டி பினே என்ற வெள்ளை ஒயின். பிரான்ஸின் தெற்கே தோ கடற்கழியின் ஓரத்தில் விளைகிறது; அந்தக் கழியிலேயே பூசிக் ஊரின் சிப்பிகள் வளர்க்கப்படுகின்றன. இதையும் உறைவிப்பானில் வைக்காதீர்கள்.