பிஜே ஹார்வி: எங்கே தொடங்குவது?

வணக்கம் சார்,

இங்கிலாந்தின் ராக் பாடகி பிஜே ஹார்வியைக் கேட்கத் தொடங்க ஆசை. 10 ஆல்பம் இருக்கிறது, எதிலிருந்து ஆரம்பிப்பது? செயலியில் அவருடைய பிரபலமான பாடல்களை ஷஃபிளில் போட்டு மொபைல் ஸ்பீக்கரில் கேட்டேன். ஒவ்வொரு பாட்டையும் வேறு வேறு ஆள் பாடுவதுபோல இருந்தது. ‘ரிட் ஆஃப் மீ’ பாட்டின் பதிவே பழுதா? ஆரம்பத்தில் ஒன்றுமே கேட்கவில்லை, பிறகு காது கிழிகிறது. பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசை வாங்கிய இரண்டு ஆல்பங்களில் தொடங்கினால் போதுமா?

அன்புள்ள நண்பருக்கு,

1995இல் வந்த ‘டு பிரிங் யூ மை லவ்’விலிருந்து தொடங்குங்கள். கிதார், பேஸ், டிரம்ஸ் என்ற அவருடைய மூவர் குழு கலைந்தபின், தயாரிப்பாளர்கள் ஃப்ளட், ஜான் பாரிஷ் இருவரோடும் சேர்ந்து அவர் செய்தது. ஆர்கன் வருகிறது, குரல் முன்னால் நிற்கிறது. பரிசுக் கணக்கை விடுங்கள், அது நடுவர்களின் வேலை.

வேறு வேறு ஆள் பாடுவதுபோல இருந்தது என்கிறீர்கள். நல்ல காது உங்களுக்கு. ‘வைட் சாக்’கில் (2007) கிதாரை ஏறக்குறைய மூடிவைத்துவிட்டு, பியானோவில் உட்கார்ந்து, தன் வழக்கமான குரலுக்கு வெகு மேலே பாடுகிறார். ஆனால் அந்தக் காதை வைத்துக்கொண்டு ஷஃபிளில் கேட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரே ஆள் ஏன் இப்படி மாறினார் என்பது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்டால்தான் பிடிபடும்.

‘ரிட் ஆஃப் மீ’ பழுதில்லை, அதே பெயருள்ள ஆல்பத்தின் (1993) முதல் பாட்டு அது. இதைப் பலரும் கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். அந்த ஆல்பம் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள பேச்சிடெர்ம் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி பதிவுசெய்தது. ராக் பதிவுகளில் பொதுவாக கம்ப்ரஷன் போட்டு மெல்லிய இடத்தைத் தூக்குவார்கள், உரத்த இடத்தை அமுக்குவார்கள். அல்பினி அதில் மகா சிக்கனமாக இருந்தார். குழுவை ஒரே அறையில் வாசிக்கவிட்டு, அறையின் எதிரொலியையும் மைக்கில் பிடித்தார். பாடுபவரின் குரலை வாத்தியங்களுக்கு மேலே தூக்கி நிறுத்தவில்லை.

முதல் பாட்டில் கம்பியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு தட்டுகிற கிதார், அதன்மேல் முணுமுணுப்பு. கேட்கவில்லையே என்று நீங்கள் ஒலியைக் கூட்டுகிறீர்கள். டிரம்ஸ் விழும்போது காது போகிறது. தவறு அந்தக் கூட்டலில் இருக்கிறது. மொபைல் ஸ்பீக்கரில் அடித்தொனி வராது. அறையில் மின்விசிறி ஓடினாலே அந்த மெல்லிய பகுதி மூழ்கிவிடும்.

செய்ய வேண்டியது இது. காதை நன்றாக மூடும் ஹெட்ஃபோனை எடுங்கள். செயலியின் அமைப்பில் பாடல்களின் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி இருக்கும், அதை அணையுங்கள். ஷஃபிளில் அது ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக ஏற்றி இறக்கி, பாட்டுக்குப் பாட்டு அவர்கள் வைத்த ஏற்றத்தாழ்வை அழித்துவிடும். பிறகு இந்த ஆல்பத்தின் 8ஆவது பாட்டான ‘50 ஃபுட் குயீனி’யைப் போடுங்கள். எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் இருக்கும். அது காதுக்கு வலிக்காத அளவில் ஒலியை நிறுத்துங்கள். இப்போது முதல் பாட்டுக்குப் போங்கள். ஒலியை மட்டும் தொடாதீர்கள்! குரல் எட்டாத தூரத்தில் கேட்கும். கேட்கட்டும், நீங்கள் குனிந்து போய்க் கேட்க வேண்டிய இடம் அது.

ஆல்பம் முழுவதும் கேட்டு முடித்தபின் அதே ஆண்டு வந்த ‘4-டிராக் டெமோஸ்’. அதிலுள்ள 14 பாட்டில் 8, இந்த ஆல்பத்துப் பாட்டுகளின் வீட்டுப் பதிவுகள். ‘யூரி-ஜி’, ‘ஹுக்’, ‘லெக்ஸ்’ மூன்றையும் ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். குழு இல்லாமல், குரல் காதோரம் வந்து நிற்கும். டெமோவை முதலில் கேட்டவர்கள்தான் அல்பினி குரலைப் புதைத்துவிட்டார் என்று புலம்புகிறார்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

‘ஸ்டோரீஸ் ஃப்ரம் த சிட்டி, ஸ்டோரீஸ் ஃப்ரம் த சீ’ (2000) சுலபமாக உள்ளே விடும், அதனாலேயே அது மூன்றாவதாக இருக்கட்டும். ஜான் பாரிஷோடு சேர்ந்து செய்த இரண்டு ஆல்பங்கள் இப்போதைக்கு வேண்டாம். ‘லெட் இங்கிலாந்து ஷேக்’கை (2011) கடைசியில் கேளுங்கள். போரைப் பற்றிய ஆல்பம், கையில் கிதாருக்குப் பதில் பெரும்பாலும் ஆட்டோஹார்ப் என்ற தந்தி வாத்தியம். அதில் ‘த குளோரியஸ் லேண்ட்’ பாட்டுக்குள் ஒரு ராணுவ பியூகிள் தாளத்தோடு ஒட்டாமல் குறுக்கே வந்து ஊதும். அதுவும் பழுதில்லை.