கவச உடையைக் கேரேஜிலிருந்து எடுத்துவிடுங்கள்

ஹூஸ்டனில் இருப்பதாகவும், இரவில் வீட்டுக்குள் திருடன் புகுந்தால் அணிந்துகொள்ள வைத்திருக்கும் குண்டு துளைக்காத உடையைக் கேரேஜில் ஹேங்கரில் மாட்டிவைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அதை அங்கிருந்து எடுங்கள். டெக்சாஸ் கோடையின் வெப்பமும் ஈரக்காற்றும் அந்த இழைகளுக்கு ஆகாதவை. தொங்கவிட்டால் உள்ளிருக்கும் கவச அடுக்கு தொய்ந்து மடியும். தட்டையாகக் கிடத்துவதே முறை. கட்டிலுக்கு அடியில், நீங்கள் படுக்கும் பக்கம் வையுங்கள்.

ஒரு பக்கத்து வெல்க்ரோ பட்டைகளை உங்கள் அளவுக்கு ஒட்டியே வைத்திருங்கள். விளக்கை அணைத்துவிட்டு நாலைந்து முறை போட்டுப் பாருங்கள். என் முதல் முயற்சியில் முன்பக்கம் பின்பக்கமாகிப்போய், மனைவி சிரித்ததுதான் மிச்சம்.

உங்களுடையது 3ஏ தரம் என்கிறீர்கள். அது கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்குத்தான். ரைஃபிள் குண்டைத் தாங்காது. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் தயாரிப்பு ஆண்டையும் பாருங்கள். பல நிறுவனங்கள் 5 ஆண்டுகளுக்கே உத்தரவாதம் தருகின்றன.

வீட்டில் நான்கு பேர், உடை ஒன்று. அதை அணிந்த தைரியத்தில் சத்தம் வந்த திசைக்குப் போகாதீர்கள். பிள்ளைகளின் அறைக்குள் எல்லோரும் சேர்ந்து, கதவைத் தாழிட்டு, 911-ஐ அழையுங்கள். கவச உடை அணிந்திருப்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வரும் போலீஸார் உங்களையே திருடன் என்று நினைத்துவிடக் கூடாது.