34 வருஷம் இருந்த வாடகை வீடு போகுது, அவசரமா ஃப்ளாட் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மேற்கு மாம்பலத்துல 1991-லேர்ந்து ஒரே வாடகை வீடு. அப்பா காலத்துல குடிவந்தது, அப்பா போனப்புறம் ரசீது அம்மா பேர்ல வருது. வாடகை 9,500. அக்ரிமென்ட்னு எதுவும் கிடையாது, ஓனர் மாமா இருந்தவரைக்கும் கேட்டதே இல்ல. அவர் தவறினப்புறம் பசங்க பில்டருக்கு ஜாயின்ட் வென்ச்சர் குடுத்துட்டாங்க, அதாவது இடிச்சு ஃப்ளாட் கட்டி பங்கு போட்டுக்கறது. மூணு மாசத்துல காலி பண்ணுங்க, 4 லட்சம் கேஷா தர்றோம்கறாங்க. அம்மாவுக்கு 74, ஃபேமிலி பென்ஷன் 14,000. விஷயம் தெரிஞ்சதுலேர்ந்து சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. ஹஸ்பண்டுக்கு 54, கைக்கு 68,000 வருது, 60-ல ரிட்டையர்மென்ட். பையனுக்கு 24, இப்பதான் வேலைக்குப் போறான், 32,000. எஃப்டி 12 லட்சம், நகை 30 பவுன், பிஎஃப்ல 15 லட்சம். இனிமே எவனும் நம்மளக் கிளம்புன்னு சொல்லக்கூடாதுனு ஊரப்பாக்கத்துல 65 லட்சத்துக்கு ஒரு ரீசேல் ஃப்ளாட் வாங்கிடலாம்னு நிக்கறார் ஹஸ்பண்ட். தெரிஞ்சவங்க ஒருத்தர் 9 லட்சம் குடுத்தா லீஸுக்கு வீடு இருக்குங்கறாங்க, மாச வாடகை கிடையாது, காலி பண்றப்ப அந்தப் பணம் திரும்ப வரும். கேஸ் போடுங்கனும் சிலர். என்ன பண்றது?

பதில்: கேஸ் விஷயத்த முதல்ல முடிச்சிடுவோம். 12 வருஷம் இருந்துட்டா வீடு நமக்கேன்னு தெருவுக்கு ரெண்டு பேர் சொல்லுவாங்க, நம்பாதீங்க. வாடகை குடுத்துட்டு இருக்கறவங்களுக்கு அது பொருந்தாது, எத்தனை தலைமுறை இருந்தாலும் சரி. 1960 வாடகைச் சட்டம் போயி 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரிலேர்ந்து நடைமுறைக்கு வந்தாச்சு, அதுல எழுத்துல அக்ரிமென்ட் இல்லங்கறதே உங்களுக்கு எதிரா போகும், இடிச்சு கட்டறதும் காலி பண்ணச் சொல்ல ஒரு காரணம் தான். ஒரு வக்கீல ஒரு தடவை பாருங்க, தப்பில்ல, ஆனா கோர்ட்ல இழுத்தடிக்கற நம்பிக்கையில எந்தக் கணக்கும் போடாதீங்க. தண்ணி, கரன்ட்ட கட் பண்ணி துரத்தறது மட்டும் அவங்களால சட்டப்படி முடியாது, அத தெரிஞ்சு வச்சுக்கோங்க.

இப்ப 4 லட்சம். பெரிய பணமா தெரியுது இல்ல? மாம்பலத்துலயே சுமாரான ரெண்டு பெட்ரூம் 25,000, மெயின்டனன்ஸ் 2,500-னு வச்சுக்கோங்க. ஆறு மாச அட்வான்ஸ் ஒண்ணரை லட்சம், புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, முதல் மாசம் 27,500, லாரி, ஆளுங்களுக்கு 20,000, ஃபேன் மாட்ட கீசர் மாட்ட கார்பென்டர்னு 15,000. கூட்டிப் பாருங்க, 2,37,500 உள்ள நுழையறதுக்கே போயிடும். (மூணு மாச அட்வான்ஸ்னு சட்டத்துல ஒரு அளவு சொல்லியிருக்கு, சென்னைல எந்த ஓனர் காதுல விழுது.) 1991-ல அப்பா குடுத்த அட்வான்ஸும் திரும்ப வரணும், கேட்டு வாங்குங்க, ஆனா அந்தத் தொகை இன்னிக்கு புரோக்கர் கமிஷனுக்கு வந்தாலே பெருசு.

அதனால 4-க்கு உடனே தலையாட்டாதீங்க. உங்க உண்மையான நஷ்டம் வாடகை வித்தியாசம், மாசம் 18,000. இத்தன வருஷமா அந்தக் குறைஞ்ச வாடகை உங்க வீட்டுக்கு இன்னொரு சம்பளம் மாதிரி வந்துட்டு இருந்துச்சு, யாரும் அப்படி எண்ணிப் பாக்கல அவ்ளோதான், அந்த 12 லட்சம் எஃப்டியே பாதி அதுல சேர்ந்ததா தான் இருக்கும். ரெண்டு வருஷ வித்தியாசம் 4,32,000, திரும்பி வராத செலவு ஒரு 60,000, ஆக 5 லட்சம் கேளுங்க, இந்தக் கணக்க ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டியே கேளுங்க, கோவமா பேசறத விட அது வேலை செய்யும். மூணு மாசம்கறதும் கல்லுல எழுதினது இல்ல, பிளான் அப்ரூவல் வர்றதுக்கே பில்டருக்கு மாசக்கணக்குல ஆகும், ஆறு மாசம் கேட்டா அஞ்சாவது வரும்.

கேஷ் மட்டும் வேணவே வேணாம். 2 லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கினா வாங்கினவங்களுக்குத்தான் அபராதம், வாங்கின அளவுக்கே. ரசீது அம்மா பேர்ல இருக்கறதால பணமும் அம்மா அக்கவுன்ட்டுக்கு டிடியாவோ ஆர்டிஜிஎஸ்ஸாவோ வரட்டும், தொகையும் தேதியும் எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து, பாதி இப்ப, மீதி சாவி குடுக்கற அன்னிக்கு அதே இடத்துல. இது வாடகை உரிமைய விட்டுக்குடுத்ததுக்கான மூலதன ஆதாயமா வரும், விலை குடுத்து வாங்காத உரிமைங்கறதால முழுத் தொகையும் ஆதாயம் தான், ஆனா அம்மாவுக்கு வேற வருமானம் கம்மி, வரி சின்னதா தான் இருக்கும், ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

அடுத்து உங்க ஹஸ்பண்ட். அவர் சொல்றதுல இருக்கற வலி எனக்குப் புரியுது, முப்பத்து நாலு வருஷம் நம்ம வீடுன்னே நெனச்ச இடத்துலேர்ந்து யாரோ கிளம்புன்னா அடுத்த நிமிஷம் சொந்த வீடுன்னு தான் தோணும். ஆனா அந்த நிமிஷத்துல கையெழுத்து போடக்கூடாது. 65 லட்சம் வீட்டுக்கு பேங்க் 80 சதவீதம் தான் தரும், 52 லட்சம். மீதி 13 லட்சம் உங்க கை, ரீசேல்ங்கறதால முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம், கிட்டத்தட்ட 6 லட்சம், அதுக்கு பேங்க் தராது. 19 லட்சம் போச்சா, எஃப்டி முழுசா காலி, நகைலயும் கை வச்சாச்சு. இப்ப இஎம்ஐ. அவர் பேர்ல மட்டும் 60 வயசுக்குள்ள முடிக்கணும்னா ஆறு வருஷம், 8.5 சதவீதத்துல மாசம் 92,000-க்கு மேல வரும், சம்பளமே 68,000. அப்போ பையன சேர்த்து 20 வருஷத்துக்கு போடுவாங்க, 45,000. அவர் ரிட்டையர் ஆனதுக்கப்புறம் பதினாலு வருஷம் அத யார் கட்டறது? 24 வயசுப் பையன். அவன் கல்யாணம், வேலை மாத்தறது, பெங்களூரு போறது எல்லாத்தையும் அந்த இஎம்ஐ தான் முடிவு பண்ணும். பிஎஃப் 15 லட்சம் உங்க ரெண்டு பேரோட வயசான காலத்துச் சாப்பாடு, அது பக்கம் போகவே வேணாம். ஒரு வருஷம் வாடகைல இருங்க, அப்பவும் வாங்கணும்னு தோணினா பட்ஜெட்ட குறைச்சு பேசுவோம்.

லீஸு. 9 லட்சத்துக்கு எஃப்டி வட்டி 7 சதவீதம்னா மாசம் 5,250. புறநகர்ல 15,000 வாடகை வர்ற வீட்ட அந்த ஓனர் ஏன் 5,250-க்கு விடறார்? பெரும்பாலும் பணமுடை, இல்ல வீட்டு மேலயே பேங்க் லோன் இருக்கும். அவர் லோன் கட்டலேன்னா பேங்க் வந்து வீட்ட எடுத்துக்கும், உங்க 9 லட்சத்துக்கு நீங்க அவர் பின்னாடி அலையணும். வில்லங்கம் பாத்து, லீஸ் பத்திரத்த ரிஜிஸ்டர் பண்ணித் தர்றேன்னா யோசிக்கலாம், இருபது ரூபா பத்திரத்துல எழுதிக்கலாம்னு சொன்னா அன்னிக்கே வேணாம்னுடுங்க.

அப்ப எங்க போறது? மாம்பலத்துலயே. புறநகர் போனா வாடகை பத்தாயிரம் வரைக்கும் கொறையும், தெரியும். ஆனா அம்மா தினம் காசி விஸ்வநாதர் கோயிலுக்கு நடந்து போறாங்களா, சாயங்காலம் அயோத்தியா மண்டபத்துல உக்காந்துட்டு வர்றாங்களா, அவங்க பிபி மாத்திரை பேரு தெரிஞ்ச டாக்டர் பக்கத்துத் தெருவா? 74 வயசுல வீடும் போயி தெருவும் போனா தாங்கமாட்டாங்க, அந்தப் பத்தாயிரம் நியாயமான செலவுங்கறது என் கணக்கு. மாச வித்தியாசம் 18,000-க்கு பென்ஷன்லேர்ந்து 5,000, பையன் 8,000, ஹஸ்பண்ட் 5,000. ஆளுக்குக் கொஞ்சம் இடிக்கும், முடியும். பில்டர் பணத்துல மிச்சமானது அம்மா பேர்லயே சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல போகட்டும், இப்ப 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒருதடவை வட்டி வரும்.

வீடு பாக்கும்போது ஒண்ணு கவனிங்க, முப்பது நாப்பது வருஷப் பழைய நாலு ஃப்ளாட் பில்டிங் வேணாம், அடுத்து ஜாயின்ட் வென்ச்சருக்குப் போறது அது தான், திரும்பவும் இதே கத. ஓனர் வெளிநாட்டுல செட்டில் ஆனவரா இருந்தா நல்லது. லிஃப்ட் இல்லேன்னா கிரவுண்ட் ஃப்ளோர், ஆனா 2015 வெள்ளத்துல தண்ணி எவ்ளோ வந்துச்சுன்னு பக்கத்து வீட்டுல கேட்டுட்டு. கரன்ட் பில் நேரா மின்வாரியத்துக்கா, இல்ல ஓனர் சப் மீட்டர்ல யூனிட்டுக்கு இவ்ளோன்னு வாங்குவாரா, அதையும் கேளுங்க. அக்ரிமென்ட்ட பதினோரு மாசம் போடாம மூணு வருஷம் பேசி, வருஷத்துக்கு 5 சதவீத ஏத்தத்தோட எழுதி, சார்பதிவாளர் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணி, வாடகைச் சட்டப்படி இருக்கற வாடகை அதாரிட்டிலயும் பதிவு பண்ணிடுங்க. ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் கனெக்‌ஷன் எல்லாத்துக்கும் அட்ரஸ் மாத்த அந்தப் பேப்பர் உதவும்.

ஊஞ்சல், பழைய பீரோவெல்லாம் இருக்கும்னு நெனக்கறேன். லிஃப்ட் அளவையும் வாசக்கால் அளவையும் டேப் வச்சு எடுத்துட்டு அம்மாகிட்ட எது வரணும்னு கேளுங்க, அவங்க சொல்றது முதல்ல ஏறட்டும். காலி பண்ற வாரத்துல தேக்கு ஊஞ்சல அடிமாட்டு விலைக்குக் கேட்டு ஆள் வருவான். குடுக்கறதா இருந்தாலும் ரெண்டு மாசம் முன்னாடியே நாலு எடத்துல விலை கேட்டுட்டு குடுங்க.